லிங்குலா: ஒரு பேரினத்தின் பெயர் வரலாறு

வங்காள விரிகுடாவின் கரைகள் முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை, அலை ஏறி இறங்கும் சேற்றுமணற்பரப்பில் செங்குத்தாக வளை தோண்டி வாழும் லிங்குலா என்ற கடலுயிரிக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயர் நிலைபெறுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இக்கால இடைவெளியில் அது ஒற்றை ஓட்டு நத்தையாகவும், இரட்டை ஓட்டுச் சிப்பியாகவும், புழுவின் உறவாகவும் கருதப்பட்டது. கடைசியில், ஐம்பது கோடி ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் ‘வாழும் புதைபடிவம்’ என்ற புகழும் அதற்கு வந்து சேர்ந்தது. இவற்றுள் பெரும்பாலானவை அந்த உயிரியை அறியாமல் எழுந்தவை என்பதைவிட, அதன் ஓட்டை மட்டும் அறிந்து எழுந்தவை என்பதே பொருந்தும். ஓட்டின் வெளியுருவத்தை நம்பிப் பெயர் சூட்டியபோதெல்லாம் வகைப்பாடு பிழைபட்டது; உடலின் உட்பகுதி பார்வைக்கு வந்தபோதெல்லாம் அது திருந்தியது.

லிங்குலா பிரேக்கியோபோடா என்னும் விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது. இத்தொகுதியின் உயிரிகளுக்கு இரண்டு ஓடுகள் உண்டு என்பதால் கடற்கரையில் கிடைக்கும் மட்டி, ஆளி ஆகியவற்றோடு இவற்றை மயங்குவது எளிது. ஆயினும் அடிப்படை அமைப்பு வேறு. மட்டியின் ஓடுகள் உடலின் இடப்புறமும் வலப்புறமும் அமைய, பிரேக்கியோபோடாவின் ஓடுகள் முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் அமைகின்றன. ஓடுகளுக்கு உள்ளே, நுண்ணிய உணர்விழைகள் வரிசையாகப் பொருந்திய இரு சுருள் கைகள் இருக்கின்றன. லோஃபோஃபோர் எனப்படும் இவ்வுறுப்பே நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து வாய்க்குள் சேர்க்கிறது. இன்று உயிரோடிருக்கும் பிரேக்கியோபோடா சிற்றினங்கள் ஏறத்தாழ 400. புதைபடிவங்களாக மட்டும் அறியப்பட்டவையோ 12,000-க்கும் மேற்பட்டவை. ஆகவே இத்தொகுதியை ஆராய்ந்தோரில் பெரும்பாலோர் பாறைகளில் வேலை செய்த நிலவியலாளர்களாகவே இருந்தனர் என்பது இவ்வரலாறு முழுவதற்கும் முக்கியமான பின்னணி.

லிங்குலாவின் ஓடு நாக்கைப் போல் நீண்டு, முன்முனையில் சற்றே மழுங்கி, பின்முனையில் குறுகி முடியும். பச்சையும் பழுப்பும் கலந்த நிறமுடையது. விரலால் தொட்டால் கொம்பைப் போன்ற வழவழப்பு தெரியும். பெரும்பாலான சிப்பிகளின் ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆனது; லிங்குலாவின் ஓடோ எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியம் பாஸ்பேட்டும் கைட்டின் என்ற கரிமப்பொருளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாவது. 1854-இல் கனடாவின் நிலவியலாளர் வில்லியம் லோகனும் வேதியியலாளர் ஸ்டெரி ஹன்ட்டும் உயிருள்ள லிங்குலாவின் ஓட்டையும் புதைபடிவ ஓட்டையும் பகுத்தாய்ந்து இதை வெளியிட்டனர். இரு ஓடுகளுக்கும் இடையே பின்முனையிலிருந்து, ஓட்டைவிடப் பல மடங்கு நீளக்கூடிய சதைப்பற்றான காம்பு ஒன்று வெளிவருகிறது. அக்காம்பின் நுனி வளையின் அடியில் மணலைப் பற்றிக்கொள்ள, அந்த நங்கூரத்தின் மேல் உடல் நிமிர்ந்து நிற்கிறது. நீர் மூடியிருக்கும் வேளையில் சேற்றின் மேற்பரப்பில் ஓட்டின் விளிம்பு மயிர்கள் கூடி மூன்று துளைகளை அமைக்கும். இரு பக்கத் துளைகள் வழியே நீர் உள்ளே சென்று நடுத்துளை வழியே வெளியேறும். அச்சம் ஏற்பட்டால் காம்பு சுருங்கி உடலை ஆழத்துக்கு இழுத்துவிடும். மேலே ஒரு கீறல் மட்டுமே மிஞ்சும்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவற்றில் இந்த முழுமை இல்லை. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பிய கப்பல்களில் பெரும்பாலும் உதிரி ஓடுகளே வந்தன. ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ், இன்றைய விலங்கியல் பெயரீட்டுக்குத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படும் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் (1758) பட்டெல்லா உங்கிஸ் என்று ஓர் இனத்தைக் குறித்தார். பட்டெல்லா என்பது பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும், ஒற்றை ஓடு உடைய நத்தையினத்தின் பேரினப் பெயர். உங்கிஸ் என்றால் நகம். பிற்காலத்தவர் பலர் இப்பதிவை லிங்குலாவின் முதல் அறிவியல் பெயராகக் கொண்டனர். ஒரே ஓடு கையில் இருந்ததால் லின்னேயஸ் அதை ஒற்றை ஓட்டு நத்தையாக எண்ணிவிட்டார் என்று விளக்கமும் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கில் மதகுருவாக இருந்த சிப்பி ஆய்வாளர் யோஹான் கெம்னிட்ஸ், இரண்டு ஓடுகளும் சேர்ந்த மாதிரியைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்று, அதைப் பின்னா என்ற இரட்டை ஓட்டுச் சிப்பிப் பேரினத்தில் சேர்த்தார். ஓர் ஓடு கிடைத்தவர் நத்தை என்றார். இரண்டு ஓடு கிடைத்தவர் சிப்பி என்றார். இருவர் மேலும் குறைகாண இடமில்லை. கையில் இருந்த சான்றுக்கு ஏற்ற முடிவையே இருவரும் எடுத்தனர்.

காம்போடு கூடிய முழு உருவத்தை அச்சில் முதலில் காட்டியது ஆம்ஸ்டர்டாமின் மருந்து வணிகர் ஆல்பர்ட்டஸ் சேபாவின் படத்தொகுப்பு. துறைமுகத்துக்கு வரும் கப்பலோட்டிகளிடமிருந்து அரிய உயிரினங்களை வாங்கிக் குவித்த சேபா, தம் முதல் சேகரிப்பை ரஷ்யப் பேரரசர் பீட்டருக்கு விற்றுவிட்டு, மீண்டும் ஒன்றைத் திரட்டி, அதன் உருவங்களை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டார். 1736-இல் அவர் இறந்த பின்னரே பிற்பகுதிகள் வெளிவந்தன. கடல் உயிர்கள் இடம்பெற்ற மூன்றாம் தொகுதி, லின்னேயஸின் பத்தாம் பதிப்பு வந்த அதே 1758-இல் வெளியாயிற்று. ஒரே ஆண்டில் ஒரு நூல் விதியைத் தந்தது. மற்றொன்று, அந்த விதிக்குள் உடனே அடங்காத உருவத்தைத் தந்தது.

அந்த உருவத்துக்குத் தனிப் பேரினம் தேவை என்று கண்டவர் பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த மருத்துவர் ழான் கியோம் புருகியேர். கெர்கெலென் தலைமையில் தென்கடல் நோக்கிச் சென்ற கப்பற்பயணத்தில் பங்கேற்று, கடல் உயிர்களில் ஈடுபாடு கொண்டு பாரிசில் குடியேறிய இவரிடம், ‘மெதாடிக்’ கலைக்களஞ்சியத்தின் புழுக்கள் பகுதியை எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் புழுக்கள் என்ற சொல் சிப்பிகளையும் உள்ளடக்கியிருந்தது. அகரவரிசையில் எழுதிவந்த புருகியேர், பிரெஞ்சு எழுத்து வரிசையில் மூன்றாம் எழுத்தின் நடுப்பகுதியைத் தாண்டுமுன், 1792-இல் ஒலிவியே என்ற இயற்கையாளரோடு துருக்கி, பாரசீக நாடுகளுக்கு அரசுப் பணியாகப் புறப்பட்டுவிட்டார். அப்பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1798-இல், இத்தாலியின் அங்கோனா நகரில் இறந்தார். எனவே லிங்குலா என்ற சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கக் கட்டுரை என்று ஒன்று இல்லவே இல்லை. கலைக்களஞ்சியத்தின் 250-ஆம் படத்தாளில், ஓடுகளையும் காம்பையும் காட்டும் உருவத்தோடு அமைந்த பெயர் மட்டுமே உண்டு.

ஒரு சொல்லும் ஓர் உருவமும் கொண்டு ஒரு பேரினம் எப்படிச் செல்லுபடியாகும் என்ற கேள்வி இயல்பானது. இன்றைய பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பின்படி, 1931-க்கு முன் வெளியிடப்பட்ட பெயருக்கு எழுத்து விளக்கம் இல்லாவிடினும், அதனோடு சேர்ந்த உருவப்படமே சான்றாக ஏற்கப்படும். ஆகவே பேரினத்தின் ஆசிரியர் புருகியேர் என்பதில் ஐயமில்லை. ஆண்டு பற்றித்தான் நூல்கள் மாறுபடுகின்றன: சில 1791 என்றும், சில 1797 என்றும் அச்சிடுகின்றன. படத்தாள்கள் தவணை தவணையாகப் பல ஆண்டுகள் வெளிவந்ததும், புருகியேர் பயணம் போன பின் அப்பணி ழான் பாப்திஸ்த் லமார்க்கின் கைக்கு வந்ததும் இதற்குக் காரணம். பெயர்களின் முன்னுரிமையை ஆண்டுதான் தீர்மானிக்கிறது என்பதால், இந்த ஆறு ஆண்டு இடைவெளியை நூலகங்களில் தேடி உறுதிசெய்ய முயன்றவர்களின் உழைப்பு வீணன்று.

சிற்றினப் பெயரைத் தந்தவர் லமார்க். முதுகெலும்பற்ற விலங்குகளின் முறைமை பற்றி 1801-இல் அவர் வெளியிட்ட நூலில் லிங்குலா அனாடினா என்ற பெயர் இடம்பெற்றது. வாத்தின் அலகை நினைவூட்டும் ஓட்டின் வடிவமே அனாடினா என்ற அடைமொழிக்குக் காரணம். உடலின் உட்பகுதியை முதன்முதலில் விரித்துக் காட்டியவர் லமார்க்கோடு அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் குவியே. 1795-இல் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்து ஆட்சித்தலைவரின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பை அள்ளிக்கொண்டு பாரிசுக்கு வந்தபின், கீழ்த்திசைக் கடல்களின் உயிரினங்கள் அங்கே மிகுதியாகக் கிடைத்தன என்பதைப் போரின் பக்கவிளைவாகக் குறிப்பிடவேண்டும். சாராயத்தில் பாதுகாக்கப்பட்ட லிங்குலாவை அறுத்துப் பார்த்த குவியே, முதலில் 1797-இல் சுருக்கமாகவும், பின்னர் 1802-இல் அருங்காட்சியக ஆண்டிதழின் முதல் தொகுதியில் விரிவாகவும் எழுதினார். சிப்பிகளுக்குரிய கால் இதில் இல்லை; அதற்கு ஈடாக மயிர்விளிம்பு கொண்ட இரண்டு கைகள் சுருண்டு கிடந்தன. உடலின் இருபுறமும் இரண்டு இதயங்கள் இருப்பதாகவும் அவர் எழுதினார். அவை இதயங்கள் அல்ல, கழிவையும் இனச்செல்களையும் வெளியேற்றும் குழாய்கள் என்பதை அரை நூற்றாண்டு கழித்துத் தாமஸ் ஹக்ஸ்லியும், 1858-இல் மிக விரிவான உடற்கூற்று ஆய்வு வெளியிட்ட ஆல்பனி ஹான்காக்கும் தெளிவுபடுத்தினர். இப்பிழை குவியேயின் பணியின் மதிப்பைக் குறைக்கவில்லை. அவர் கண்ட அந்தக் கைகளை அடிப்படையாக வைத்தே ஆந்த்ரே துமேரில், ‘கைகளையே கால்களாக உடையவை’ என்ற பொருளில் பிரேக்கியோபோடா என்ற பெயரை 1806-இல் ஆண்டிட்ட தம் விலங்கியல் நூலில் உருவாக்கினார். ஒரு முழுத்தொகுதி தன் பெயரை இந்தச் சேற்றுவளை உயிரியின் உடற்கூற்றிலிருந்து பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தோடு சிற்றினப் பெயர்ச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. லின்னேயஸின் உங்கிஸ் 1758-க்குரியது, லமார்க்கின் அனாடினா 1801-க்குரியது. முந்திய பெயரே நிற்கும் என்ற முன்னுரிமை விதிப்படி சரியான பெயர் லிங்குலா உங்கிஸ் என்று ஒரு சாரார் வாதிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் இப்பெயர் காணப்படுகிறது. லின்னேயஸ் எழுதிய சில சொற்களிலிருந்து அவர் கையிலிருந்தது லிங்குலாதான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்ற வினாவே இங்கு முடிவானது. பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் கிறிஸ்தியன் எமிக், இப்பெயர்களின் மூலங்களைத் தோண்டியெடுத்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் உங்கிஸை ஒதுக்கி அனாடினாவை நிலைநிறுத்தினார். இன்று உலகெங்கும் ஏற்கப்படுவது லிங்குலா அனாடினா லமார்க், 1801 என்பதே. ஐயத்துக்கிடமான பழைய பெயரை விதியின் எழுத்தை மட்டும் பார்த்து மீட்பதைவிட, எந்த உயிரி என்று ஐயமின்றித் தெரியும் பெயரைக் காப்பதே வகைப்பாட்டின் நோக்கத்துக்கு ஏற்றது. அவ்வகையில் இம்முடிவு சரியானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரினத்தின் எல்லை இரு திசைகளில் இழுபட்டது. ஒரு திசையில், சிப்பி வணிகர்களும் சேகரிப்பாளர்களும் கொண்டுவந்த மாதிரிகளில் நிறம், நீளம், முனையின் வளைவு ஆகியவற்றில் சிறு மாறுபாடு கண்டாலும் புதிய சிற்றினம் அறிவிக்கப்பட்டது. ஹியான்ஸ், எக்ஸஸ்டா, மர்ஃபியானா போன்ற பெயர்கள் இவ்வாறு பிறந்தன. இன்று இவை அனாடினாவின் இணைப்பெயர்களாக, அதாவது ஒரே உயிரிக்குப் பின்னர் இடப்பட்ட மிகைப்பெயர்களாக, கருதப்படுகின்றன. எடின்பரோவில் பிறந்து, பிரேக்கியோபோடாவுக்காகவே வாழ்ந்த தாமஸ் டேவிட்சன் இப்பெயர்க்குவியலை ஒழுங்குபடுத்த முயன்றார். பிரிட்டனின் புதைபடிவப் பிரேக்கியோபோடாக்கள் பற்றி 1851 தொடங்கிப் பல பகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலின் இருநூற்றுக்கும் மேற்பட்ட படத்தாள்களை அவரே வரைந்தார். உயிருள்ள சிற்றினங்களைப் பற்றிய தனிநூலை எழுதி முடித்து 1885-இல் இறந்தபோது அது அச்சேறவில்லை. ஆக்னஸ் கிரேன் என்ற அம்மையார் அதைப் பதிப்பித்து, 1886 முதல் 1888 வரை லண்டன் லின்னேயன் கழகத்தின் வழியே வெளிவரச் செய்தார்.

அமெரிக்கக் கரைகளில் வாழ்ந்தவற்றைப் பிரித்தெடுத்தவர் வில்லியம் ஹீலி டால். கலிபோர்னியாவிலிருந்து 1844-இல் ஹைண்ட்ஸ் விவரித்த லிங்குலா ஆல்பிடாவின் ஓட்டை உட்புறமாகப் பார்த்தால், வயிற்று ஓட்டில் விரிந்து செல்லும் இரண்டு தடுப்புவரம்புகளும், முதுகு ஓட்டில் நடுவே ஒரு வரம்பும் தெரிகின்றன. லிங்குலாவில் இவை இல்லை. இந்த உள்ளமைப்பை ஆதாரமாகக் கொண்டு 1870-இல் டால் குளோட்டிடியா என்ற புதிய பேரினத்தை நிறுவினார். அன்றிலிருந்து அச்சிற்றினம் குளோட்டிடியா ஆல்பிடா (ஹைண்ட்ஸ், 1844) என்று எழுதப்படுகிறது. சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால் முதலில் பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுவது மரபு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். அதனால் டாலின் பிரிவை ஏற்கச் சிலர் தயங்கினர். வில்லியம் புரூக்ஸ் 1879-இல் செசபீக் விரிகுடாவில் செய்து புகழ்பெற்ற ‘லிங்குலாவின் வளர்ச்சி’ பற்றிய ஆய்வு உண்மையில் குளோட்டிடியா பிரமிடாட்டாவைப் பற்றியது. அந்த ஆய்வைப் படிப்பவர் தலைப்பை நம்பினால், உலகின் மறுபாதியில் வாழும் வேறொரு பேரினத்தின் செய்திகளை லிங்குலாவின் மேல் ஏற்றிவிடுவார்.

புரூக்ஸுக்கு முன்பே அதே அமெரிக்கச் சிற்றினத்தை வட கரோலினாவின் கரையில் ஆராய்ந்த எட்வர்ட் மோர்ஸ், பிரேக்கியோபோடாக்கள் மெல்லுடலிகளே அல்ல, வளைதசைப் புழுக்களின் உறவினர் என்று 1870 முதல் வாதாடினார். இந்த வாதத்துக்கு மேலும் சான்று திரட்டவே அவர் 1877-இல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். அங்கே யோகோஹாமாவிலிருந்து தோக்கியோ செல்லும் இரயிலில் இருந்தபடியே ஓமோரி என்ற இடத்தில் பழங்காலச் சிப்பிமேட்டை அடையாளம் கண்டதும், அதன் அகழாய்வு ஜப்பானியத் தொல்லியலுக்கு வித்திட்டதும், தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதல் விலங்கியல் பேராசிரியராக அவர் அமர்த்தப்பட்டதும் வேறு வரலாறுகளில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. எனோஷிமா தீவில் மீனவர் குடிலொன்றில் அவர் அமைத்த சிறு ஆய்வகம்தான் லிங்குலாவின் வரலாற்றுக்கு உரியது. உயிரோடு லிங்குலாவைக் கவனிக்கும் மரபு அவரிடமிருந்து ஜப்பானிய மாணவர் தலைமுறைக்குச் சென்றது; நவோஹிதே யாட்சு 1902-இல் வெளியிட்ட லிங்குலா அனாடினாவின் கரு வளர்ச்சி ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மோர்ஸின் புழுக்கொள்கை அப்படியே நிலைக்கவில்லை. ஆயினும் 1995-இல் மரபணு ஒப்பீடு வழியே, பிரேக்கியோபோடா, மெல்லுடலிகள், வளைதசைப் புழுக்கள் ஆகிய மூன்றும் லோஃபோட்ரோக்கோசோவா என்ற ஒரே பெருங்கிளையில் சேர்க்கப்பட்டபோது, அவர் கண்ட உறவு முற்றிலும் கற்பனையன்று என்பது தெரிந்தது.

பேரினத்தின் எல்லையை மறுதிசையில் இழுத்தவை பாறைகள். 1840-களில் வேல்ஸ் நாட்டில் டிரமடாக் அருகே, பலகைபோல் பிளவுபடும் பழம்பாறைகளில் நாக்கு வடிவ ஓடுகள் திரளாகக் கிடைத்தன. வெளியுருவம் ஒத்திருந்ததால் அவற்றுக்கு லிங்குலா என்றே பெயரிட்டனர்; பாறை அடுக்குக்கே லிங்குலாப் பலகைப்பாறை என்ற பெயர் வந்தது. இன்றைய கணக்கில் அவை கேம்ப்ரியன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, ஏறத்தாழ 49 கோடி ஆண்டு முந்தியவை. அங்குக் கிடைத்த முதன்மைச் சிற்றினத்தை 1866-இல் சால்ட்டர் லிங்குலெல்லா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார். பாறையின் பெயர் மட்டும் மாறவில்லை. அதற்குள் 1859-இல் வெளிவந்த சார்லஸ் டார்வினின் நூலில், மிகப் பழைய அடுக்குகள் தொட்டு இன்றுவரை தொடர்ந்து வாழும் பேரினத்துக்கு எடுத்துக்காட்டாக லிங்குலா இடம்பெற்றுவிட்டது. ‘வாழும் புதைபடிவம்’ என்ற தொடரை டார்வின் லிங்குலாவுக்குப் பயன்படுத்தவில்லை. வாத்தலகியையும் தென்னமெரிக்க நுரையீரல்மீனையும் பற்றி எழுதுகையிலேயே அத்தொடர் வருகிறது. பின்வந்தவர்கள்தாம் இரண்டையும் இணைத்தனர்.

நூறு ஆண்டுக்கும் மேலாக எல்லாப் புவிக்காலங்களிலிருந்தும் நாக்கு வடிவ ஓடுகள் லிங்குலாவில் சேர்க்கப்பட்டுவந்தன. இந்தியாவிலும் இத்துறையில் வேலை நடந்தது. பஞ்சாபின் உப்புமலைத் தொடரில் கிடைத்த புதைபடிவங்களை இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஆராய்ந்த வில்ஹெல்ம் வாகன் 1885-இல் உருவாக்கிய லிங்குலிடா என்ற வரிசைப்பெயரே, இக்குடும்பங்கள் அனைத்தையும் அடக்கும் பெயராக இன்றும் வழங்குகிறது. சிக்கல் வரிசையில் இல்லை, பேரினத்தில் இருந்தது. பாறையில் கிடைக்கும் ஓட்டின் உட்புறம் பெரும்பாலும் ஒட்டிப்போய் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது வெளிக்கோடு மட்டுமே. மணலில் வளை தோண்டி வாழும் உயிரிக்கு நீண்டு ஒடுங்கிய ஓடு தேவை; அத்தேவை எந்தக் காலத்தில் எந்தக் கிளையில் எழுந்தாலும் ஒத்த வடிவமே உருவாகும். ஆகவே வடிவ ஒற்றுமை வாழ்முறை ஒற்றுமையைக் காட்டுகிறதே தவிர, பேரின உறவைக் காட்டவில்லை.

இதை முறையாக நிறுவியவர் மீண்டும் எமிக்தான். 1970-களிலிருந்து மடகாஸ்கர் முதல் ஜப்பான் வரையிலான மாதிரிகளை ஒப்பிட்டு, உயிருள்ள லிங்குலாவில் ஏழு சிற்றினங்களும் குளோட்டிடியாவில் ஐந்து சிற்றினங்களும் மட்டுமே நிற்கும் என்று 1980-களின் தொடக்கத்தில் வகுத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய அளவுகோல்கள் ஓட்டின் உட்புறத்தில் தசைகள் ஒட்டியிருந்த தழும்புகளின் அமைவும், மேண்டில் என்னும் மென்போர்வையில் ஓடும் நீர்மக் கால்வாய்களின் கிளைப்பு முறையும். நன்கு பாதுகாக்கப்பட்ட புதைபடிவங்களில் இவ்விரண்டின் சுவடும் தெரியும் என்பதால், அதே அளவுகோலைப் பாறைகளுக்கும் கொண்டுசெல்ல முடிந்தது. போலந்தின் கெர்ட்ருடா பியெர்னாட்டோடு இணைந்து 1993-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மெசோசோயிக் காலத்தைச் சேர்ந்த ‘லிங்குலா’க்களின் தசைத்தழும்புகள் இன்றைய பேரினத்தோடு பொருந்தவில்லை என்று காட்டப்பட்டு, அவற்றுக்கு லிங்குலாரியா என்ற புதிய பேரினம் அமைக்கப்பட்டது. 2003-இல், லிங்குலா வாழும் புதைபடிவம் அன்று என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த கட்டுரை வந்தது. உண்மையான லிங்குலா பேரினத்தை கிரெட்டேசியஸ் காலத்துக்கு முன் கொண்டுசெல்லத் தக்க சான்று இல்லை. ஐம்பது கோடி ஆண்டு வயது என்று எண்ணப்பட்ட பேரினத்தின் வயது, உட்புறத்தைப் பார்த்தவுடன் அதில் ஒரு பகுதியாகச் சுருங்கியது.

2015-இல் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் குழு, ஜப்பானின் அமாமித் தீவில் எடுத்த லிங்குலா அனாடினாவின் முழு மரபுத்தொகுதியைப் படித்து வெளியிட்டது. சுமார் 42.5 கோடி இணைகள் கொண்ட அத்தொகுதியில் மரபணுக்கள் தொடர்ந்து பெருகியும் மாறியும் வந்திருப்பது தெரிந்தது. ஓடு உருவாக்கத்துக்கு இவ்வுயிரி தனக்கே உரிய மரபணுக்களைப் பயன்படுத்துகிறது என்பதும் தெரிந்தது. இன்னொரு புறம், ஜப்பானின் வெவ்வேறு கரைகளில் அனாடினா என்றே அழைக்கப்பட்ட கூட்டங்களிடையே மரபணு வேறுபாடு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறது. உருவத்தைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருக்கப்பட்டு, உடற்கூற்றைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் குறைக்கப்பட்ட சிற்றினங்கள், மூலக்கூற்றைக் கொண்டு மீண்டும் பிரிக்கப்படலாம். அப்போது இணைப்பெயர்களாக ஒதுக்கப்பட்டவற்றுள் சில உயிர்பெறும். எது எந்தக் கரையிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிக்கு இடப்பட்டது என்ற பழைய பதிவுகள் அன்று மதிப்புப் பெறும்.

பெயர் துல்லியமாக இருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு ஹவாய்த் தீவு ஒரு விடை. 1880-இல் டேவிட்சன் விவரித்த லிங்குலா ரீவியை வேறொரு சிற்றினம் என்று பிரித்து அறிந்ததால்தான், கனேயோஹே விரிகுடாவில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததைக் கண்டு, அமெரிக்க அரசின் கடல்வளத் துறை அதைக் கவலைக்குரிய சிற்றினமாக அறிவிக்க முடிந்தது. பரந்து வாழும் அனாடினாவோடு அது சேர்த்து எண்ணப்பட்டிருந்தால் அந்தக் குறைவு கணக்கில் வந்திராது.

தமிழகக் கரைக்கும் இவ்வுயிரி அயலானதன்று. பரங்கிப்பேட்டைக் கடற்பகுதியில் லிங்குலா அனாடினா பெருந்திரளாக மடிந்ததைப் பற்றிய ஆய்வுக்குறிப்பு 1973-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அக்கரையில் களப்பணிக்குச் செல்லும் விலங்கியல் மாணவர்கள் காய்ந்த ஓட்டை மட்டும் பொறுக்கி வராமல், காம்பும் உடலும் சேர்ந்த மாதிரியைச் சாராயத்தில் இட்டு, எடுத்த இடமும் நாளும் குறித்து வைக்கவேண்டும். இன்னும் தீராத சிற்றின வினாக்களுக்கு அத்தகைய மாதிரிகளே பயன்படும். பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: லிங்குலா ஐம்பது கோடி ஆண்டுகளாக மாறாத வாழும் புதைபடிவம் என்ற வரியை, மறுபதிப்பு வரும்போது நீக்கிவிடுங்கள்.